மஞ்சள் தடவிய சீன அட்டைகள்

அடியே,

இன்று காலை வேங்கிக்கால் வகுப்பில் உன் அட்டைப் பெட்டியைத் திறந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி, அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவள், ஓர் அட்டையை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "மேடம், சீனாவுல இருந்து வர்ற அட்டையில கூட மஞ்சள் வாசனை வருமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பலகைப் பக்கம் திரும்பி, அந்தப் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் எழுத்தை எழுதினேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

அது சீனாவிலிருந்து வரவில்லை, தேரடித் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையிலிருந்து வந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால் வீட்டுக்கு வந்ததும் உன்னிடமே சொல்லலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரியில் நீயும் நானும் ஒரே பெஞ்சு. நீ கல்யாணமாகி இந்த ஊரிலேயே கடை வைத்தாய். நான் கல்யாணமாகி சிங்கப்பூர் போனேன். அங்கே குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சீனம் தெரியாமல் அங்கே ஒரு குழந்தையின் மூக்கைக்கூடத் துடைத்துவிட முடியாது. அப்படித்தான் கற்றுக்கொண்டேன், பிறகு பரீட்சையும் எழுதினேன். ஊருக்குத் திரும்பி வந்தபோது ஷூ கம்பெனி வந்திருந்தது. மேலே இருந்த அதிகாரிகள் பேசியது சீனம். கீழே லைனில் உட்கார்ந்து தைத்தது கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண்கள். நடுவில் நின்று பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்க முடியுமா என்று என்னைக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மாவே நான் யாரையும் பேசவிடமாட்டேன், இதில் யாருக்கும் தெரியாத பாஷை வேறு.

பாடப்புத்தகம் நல்ல புத்தகம்தான். பளபளவென்று தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். முதல் பாடம் விமான நிலையம். அடுத்தது, வெளியே பனி பெய்கிறது, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். வெயிலுக்குப் பயந்து ஜன்னலை மூடிவைத்துவிட்டு நாங்கள் பனியைப் பற்றிப் படித்தோம். நான் சொன்னதைப் பெண்கள் அழகாகத் திருப்பிச் சொன்னார்கள். புத்தகத்தை மூடினால் அவர்கள் வாயும் மூடிக்கொண்டது. யாராவது ஒருத்தி தடுமாறினால் நானே வாக்கியத்தை முடித்துக் கொடுத்துவிடுவேன். கெட்டிக்கார டீச்சர் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நீ முதன்முதலாக வகுப்புக்கு வந்தது ஒரு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். என்னை ஏற்றிக்கொண்டு போக ஸ்கூட்டியில் வந்தாய். பாடம் முடியவில்லை என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். வெளியே வந்து வண்டியைக்கூட எடுக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாய்.

"இன்னாடி நடத்தற? அந்தப் பொண்ணுங்கள்ல யாருடி ஏர்போர்ட்டுக்குப் போவுது? சோத்து டப்பாவுக்கு சீனத்துல இன்னா பேருன்னு மொதல்ல சொல்லிக் குடு."

"புக்குல இருக்கறதத்தான் நடத்த முடியும்" என்றேன்.

"அப்ப புக்கு பத்தலன்னு அர்த்தம். நான் பண்ணித் தரேன்."

உனக்குச் சீனத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறு ஒரு ஸ்வீட் டப்பா நிறைய அட்டைகளோடு வந்து நின்றாய். விற்காமல் தங்கிப்போன மாதிரிப் பத்திரிகைகளை வெட்டிச் செய்தவை. பிள்ளையார் படத்தில் கத்தரி வைக்கக் கூடாது என்று அவரைச் சுற்றி வளைத்து வெட்டியதில் ஒன்றுக்கொன்று அளவு பொருந்தவில்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள். "புதுசா ஒண்ணு கடைய விட்டு வெளிய போவுதுன்னா மஞ்சள் வெக்காம அனுப்பமாட்டேன்" என்றாய். ஒரு பக்கம் நீ வரைந்த படம்: சோற்று டப்பா, கம்பெனி பஸ், ஊசி, பசை டின், அறுந்த வார், வேர்க்கடலை. மின்விசிறிக்குக் கீழே கையைக் காலைப் பரப்பிக்கொண்டு படுத்திருந்த பெண்ணுக்கு 'லீவு' என்று பொருள். மறுபக்கம் காலியாக விட்டிருந்தாய், அதில் நான் எழுத்தைப் போட்டுத் தர வேண்டும்.

நான் பென்சிலால் எழுதித் தருவேன், நீ அதன்மேல் தூரிகையை ஓட்டுவாய். ஓட்டிவிட்டுக் கடைசியில் ஒரு சுழி வைப்பாய், மணமகன் பெயருக்கு வைக்கிற மாதிரி.

"இது எழுத்துடி, கோலம் இல்ல. சுழிக்காத" என்று கத்துவேன்.

"கொஞ்சம் அழகா இருந்தா உன் சீனாக்காரன் கோச்சிக்குவானா?"

உன் அட்டைகள் வந்த பிறகு வகுப்பில் சந்தை இரைச்சல். சோற்று டப்பா அட்டையை ஒருத்தி தூக்கிக் காட்டினால், அதில் என்ன குழம்பு என்று இன்னொருத்தி சீனத்திலேயே கேட்டாள். குழம்புக்கு நான் பாடத்தில் சொல் கொடுத்திருக்கவில்லை. காரமான தண்ணீர் என்று அவர்களே ஒட்டுப்போட்டுச் சொல்லிக்கொண்டார்கள். விமான நிலையத்தில் பேசாதவர்கள் சோற்று டப்பாவைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ரேவதி மட்டும் பேசவில்லை. கீழ்பென்னாத்தூர் ரேவதி. அட்டைகள் அத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் நாலு பேர் பார்த்தால் நாக்கு எழாது. கம்பெனியில் அவளுக்கு ஷூவின் அடியை ஒட்டுகிற பிரிவில் வேலை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. பசை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, இந்த வேலை உனக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அண்ணி எப்படி என்று அவள் வாயால் ஒருபோதும் சொன்னதில்லை, அதிலேயே நமக்குப் புரிந்தது. அந்தச் சமயத்தில்தான் லைனிலிருந்து ஒரு பெண்ணை எடுத்து அதிகாரிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் நடுவில் பேசுகிற ஆளாக வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. தைவானிலிருந்து வந்திருந்த பெண் மேலாளர், தானே வகுப்புக்கு வந்து பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லியனுப்பினார்.

எல்லாருக்கும் சீனத்தில் பெயர் அட்டை செய்துவிடலாம், கறுப்பு மார்க்கரில் பெரிதாக எழுது என்று உன்னிடம் சொன்னேன்.

"கறுப்பு மையில உசுரோட இருக்கறவங்க பேர நான் எழுதமாட்டேன். எங்க கடையில கறுப்பு எதுக்குன்னு உனக்குத் தெரியும்ல?" என்றாய்.

தெரியும். கருமாதிப் பத்திரிகைக்கு. சரி, நீலத்தில் எழுதுவாய் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். அன்று காலை மேலாளரின் கார் வாசலில் வந்து நிற்கிற நேரத்துக்கு நீ பையைத் திறந்தாய். எல்லாப் பெயரும் சிவப்பு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் போடுகிற ரத்தச் சிவப்பு, லேமினேஷன் வேறு. இருப்பதிலேயே பெரிதாக, சுழியோடு, விருந்தாளியின் பெயர்.

பார்த்ததும் அதைப் பிடுங்கக் கை நீட்டினேன். எடுத்து ஒளிப்பதற்குள் நீ அதைத் தாம்பாளத்தில் வைத்து அந்த அம்மாவிடம் நீட்டிவிட்டாய். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். கை நீளவில்லை. மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார்: இதை யார் எழுதியது? எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவதில்லையே.

"இன்னாடி சொல்றாங்க?" என்று நீ என் காதில் கேட்டாய். சொன்னேன். உடனே மேலாளர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். இலக்கணம் பிசகாத மன்னிப்பு ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அப்போதுதான் நீ என் காலை மிதித்தாய். லேசாக இல்லை, நன்றாக.

"நீ பேசாதடி. ரேவதி பேசட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. தப்பு உன்னுடையது, அதைத் துடைக்கிற வேலையை வாயே திறக்காத பெண்ணின் தலையில் கட்டுகிறாய், அவள் பிழைப்பே இதில் இருக்கிறது என்று. நீயோ ரேவதியைப் பார்த்தபடி நின்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தேன்.

ரேவதி எழுந்தாள். அட்டைப் பெட்டியிலிருந்து, வெட்டாமல் கிடந்த முழுப் பத்திரிகை ஒன்றை எடுத்தாள். அதில் மணமக்கள் பெயரைத் தொட்டுக் காட்டினாள். சீனத்தில் சொன்னாள்: "எங்கள் ஊர். கல்யாணம். பெயர், சிவப்பு." மூச்சு வாங்கினாள். "கறுப்பு, இறந்த ஆள்." உன்னைக் காட்டினாள். "இந்த அக்கா, உங்களுக்குக் கறுப்பு வேண்டாம் சொன்னார். நீங்கள் நிறைய நாள் இருக்க வேண்டும். அதனால் சிவப்பு."

அந்த அம்மா பத்திரிகையைக் கையில் வாங்கினார். எங்கள் ஊரிலும் கல்யாணப் பத்திரிகை சிவப்புதான், ஆனால் பெயரைத் தங்க நிறத்தில் எழுதுவோம் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ரேவதி ஒரு கணம் யோசித்தாள். பிறகு, "இங்கே தங்கம் விலை ஜாஸ்தி" என்று சீனத்தில் சொன்னாள்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், ரேவதி சொல்லிக்கொண்டே இருந்தாள். வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பு. திருத்த எனக்கு நாக்கு அரித்தது, ஆனால் உன் கால் என் கால்மேல்தான் இருந்தது. கடைசியில் மேலாளர் அந்த அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் தன் பெயரைக் கறுப்பில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டார். நீ அதைப் பார்க்கமாட்டேன் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "அண்ணாமலையாரே" என்று முணுமுணுத்தாய்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன். அவளால் பேச முடியாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "நீ பேசிக்கினே இருந்தா அந்தப் பொண்ணால எப்பவுமே பேச முடியாது" என்றாய். கொஞ்ச தூரம் போனதும் தோள் குலுங்கச் சிரித்தாய். "வெளிநாட்டுக்காரங்க அவ்ளோ தூரத்துல இருந்து சும்மா இருக்கக் கத்துக்கணும்னு இந்த ஊர் ஆசிரமத்துக்கு வராங்க. நீ இங்கியே பொறந்து வளந்தவ, ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியல."

வேலை ரேவதிக்குக் கிடைத்தது. பசை டின்னை விட்டு ஆபீசுக்குப் போனாள். ஏசி குளிர் தாங்கவில்லை என்று கொஞ்ச நாள் புலம்பினாள். அந்தப் புலம்பலைக் கேட்க நமக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

அப்புறம் தை மாசம், முகூர்த்த வேலை தலைக்கு மேல் இருந்தபோது, நீ கடையிலேயே விழுந்துவிட்டாய். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. வரைகிற கை, வம்பளக்கிற வாய், இரண்டையும் பார்த்தா எடுக்க வேண்டும்? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி எப்போதும் சொந்தக்காரர்கள். நீ வாயைக் கோணிக்கொண்டு ஏதோ சொல்ல வருவாய். ஒருத்தர் தண்ணீரை நீட்டுவார், ஒருத்தர் தலையணையைத் தூக்கி வைப்பார், ஒருத்தர் விபூதி பூசுவார். நானும் விடவில்லை. "மகன் வரணுமா? கடைச் சாவியா? திரும்பிப் படுக்கணுமா?" என்று அடுக்கிக்கொண்டே போவேன். நீ இடது கையால் படுக்கையை அடிப்பாய். பிறகு சலித்துப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

ஒருநாள் ரேவதி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக யூனிஃபார்மோடு வந்தாள். சொந்தக்காரர்களை, "கொஞ்சம் வெளிய இருங்க, காத்து வரட்டும்" என்று அனுப்பினாள். உன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் பின்னால் நின்றேன். நீ உதட்டைக் கூட்டினாய், விட்டாய், மறுபடி கூட்டினாய். எனக்குச் சொல்லத் தோன்றியதையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். நீ ரேவதியைத் தாண்டி என்னைப் பார்த்தாய்.

"சா... ப்... டியா?"

"சாப்ட்டேன்டி" என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. நீ தலையை அசைத்தாய், இல்லை என்று. என் பொய் ஒன்றுகூட உன்னிடம் விலைபோகாது. ரேவதி தன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். புளிசோறு மீதி இருந்தது. உன் முன்னால் உட்கார்ந்து, அழுதுகொண்டே தின்றேன். ஒவ்வொரு வாயையும் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். டப்பா காலியான பிறகுதான் கண்ணை மூடினாய்.

உனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று அத்தனை பேரும் உன்னை நச்சரித்தோம். நீயோ அத்தனை நாளும் என்னை விசாரிக்கத்தான் போராடிக்கொண்டிருந்திருக்கிறாய். பங்குனி பிறப்பதற்குள் போய்விட்டாய்.

இப்போது வகுப்பில் ஒரு பெண் சொல் கிடைக்காமல் திணறினால் நான் எடுத்துக் கொடுப்பதில்லை. பாடத்துக்குப் பதில் சொல்லத் திணறுகிறாள் என்று நினைப்பதுமில்லை. யாரையோ விசாரிக்க வாயெடுக்கிறாள், ஒருவேளை என்னைத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால் காத்திருக்க முடிகிறது.

மணி மூன்றாகப் போகிறது, இன்னும் சாப்பிடவில்லை. திட்டாதே. இதோ எழுந்திருக்கிறேன்.