ராணி முறுக்கு சுட்டாள்

ஸ்கூடாய், மலேசியா, தீபாவளிக்கு முந்தின நாள்

நான் உயிராய்ப் படித்துவந்த மாயாஜாலக் காதல் கதைத் தொடரின் தீபாவளிச் சிறப்புக் குறுநாவலை இன்று முடித்தேன். எரிச்சல் தாங்கவில்லை. போன பாகத்தில்தான் நாயகி ராணியின் அண்ணன் போரில் செத்தான். இதில் அவள் பட்டுப்புடவை கட்டி முறுக்கு சுடுகிறாள், காதலனைக் கொஞ்சுகிறாள். அண்ணன் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளி கிடையாது என்பதுகூடவா எழுதியவருக்குத் தெரியாது?

தோழி கவிதாவிடம் போனில் கத்தினேன்.

"அலமாக், கதைதானே! பண்டிகைக்கு ஜாலியா எழுதியிருக்காங்க, விடு லா," என்றாள்.

எப்படி விடுவது? என் அண்ணன் போய் ஏழு மாதம்தான் ஆகிறது. தாமான் குடியிருப்பு முழுக்கப் பலகார வாசனை. எங்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. இந்த வருடம் ராணியும் என்னைப் போலப் பண்டிகை இல்லாமல் இருப்பாள் என்று நம்பித்தான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். பாவி, முறுக்கு சுடுகிறாள்!