சக்கரத்துக்குப் பின்னால் இருந்த கட்டை

என் கண்ணான தம்பி கோபாலுக்கு,

அன்றைக்குக் குட்டைக்கரையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ இருந்தாய். நான் இருந்தேன். உன் பெண்சாதி தனம் மரநிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் உன் மகள் புவனா, வாய் நிறைய முறுக்கு. கையில் சூடத்தட்டோடு நம் ரப்பர் தோட்டத்துக் கோயில் பண்டாரம். அப்புறம் என் வீட்டுக்காரர். வேறு ஒரு குஞ்சு இல்லை. யாராவது நானும் இருந்தேன் என்று சொன்னால் நம்பாதே.

வருஷா வருஷம் உன் நினைவு நாளில் பேப்பரில் உன் படத்தைப் போட்டு, கீழே கண்ணீர் என்று இரண்டு வரி போடுவார்கள். இந்த வருஷம் அந்த வரி வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. அது உனக்கே தெரியும்.

கோபாலு, போன ஞாயிற்றுக்கிழமை உன் படகு மறுபடி தண்ணீரில் இறங்கியது.

இறக்கியது உன் மகள். தனியாக. ஈப்போவில் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். உன் உயரம், உன் பிடிவாதம். தனம் வீட்டுப் பின்பக்கம் கவிழ்ந்து கிடந்த படகை யாரையும் கேட்காமல் எடுத்துப்போய் ஓட்டை அடைத்து, டிரெய்லருக்குப் புதுச் சக்கரம் போட்டு, ஒரு சிநேகிதியிடம் பிக்கப்பையும் இரவல் வாங்கிவிட்டாள். தனம் அழுதாள், சாமி வந்தவள் மாதிரி கத்தினாள். இவள் காதில் ஏறவில்லை.

என்னிடம் வந்து, "அத்தை, நீங்க மட்டும் வாங்க. ஆனா ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினீங்கன்னா எனக்குக் கை நடுங்கும்" என்றாள்.

"எதுக்குடி இந்த வேலை? மீன் வேணும்னா மார்க்கெட்ல இல்லையா?"

"மீனுக்கா அத்தை? அப்பா ஹேண்ட்பிரேக் போட மறந்துட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. கல்யாண வீட்டுல கூட சொல்றாங்க. கோபால் மாதிரி மறந்துடாதேன்னு ஜோக் அடிக்கிறாங்க. நான் மறக்காம செஞ்சு காட்டணும் லா. ஒரு தடவையாவது."

நீ மறந்ததாகத்தான் அவள் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். உன்னை எடுத்த கையோடு தனம் அவளைத் தூக்கிக்கொண்டு ஜோகூருக்கு அம்மா வீட்டுக்குப் போனாளே, இப்போதுதானே திரும்பி வந்தார்கள். அவளிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் அப்போதே சொன்னவள், கோபாலு. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதே, அத்தனை ஆம்பிளைகள் முன்னால் சொன்னேன். அவன் பிரேக்கைப் போட்டான், நான் சத்தம் கேட்டேன், சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்தது இவர் என்று என் வீட்டுக்காரரைக் கை நீட்டிச் சொன்னேன். பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாவம், பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவ, புத்தி கலங்கிடுச்சி. உள்ள கூட்டிட்டுப் போங்க." உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். சொன்னவர்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரரிடம் நான் பேசுவதில்லை. சோறு வைக்கிறேன், துணி துவைக்கிறேன். "சாப்பாடு இருக்கு" என்பேன், அடுப்பைப் பார்த்து. பேரன் பேத்திகள் சிரிக்கின்றன, பாட்டி அடுப்போடு பேசுது என்று.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷரும் கிளம்பி வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. "பொம்பளப்புள்ள தனியா போனா எப்படி? ஒரு ஆம்பிள வேணும்லா" என்று சொல்லி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் உட்கார்ந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். குட்டை இருக்கும் காம்பார் வந்தது கூடத் தெரியவில்லை.

ஏரி மாதிரி கிடக்கும் அந்த ஈயக் குட்டை அப்படியேதான் இருக்கிறது. ஈயம் தோண்டிய காலத்தில் போட்ட அந்தச் சிமெண்டுச் சரிவும் இருக்கிறது. ஆனால் பாசி ஏறிக் கறுத்துவிட்டது. பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே, என்ன செய்வது? சேலை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

நீ எப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியும். உன் லீவு நாளில் யாருக்கும் லீவு இருக்காது. அதனால் எப்போதும் தனியாகத்தான் இறக்குவாய், ஏற்றுவாய். அப்போது உனக்கு இருந்தது பழைய மரப்படகு. எனக்குக் கால் வலி என்றால் என்னையும் வண்டியில் போட்டுக்கொண்டு போய்க் கரையில் உட்கார வைப்பாய். டிரெய்லரைப் பின்பக்கமாகச் சரிவில் இறக்குவாய். தண்ணீர் சக்கரத்தைத் தொட்டதும் நிறுத்திப் பிரேக்கை இழுப்பாய். அது கர்ர் என்று சத்தம் போடும். பிறகு பிக்கப்பின் பின்சக்கரங்களுக்குப் பின்னால் அந்த இரண்டு ரப்பர் மரக் கட்டைகளைக் காலால் தட்டி இறுக்குவாய். தோட்டத்தில் பால்மரங்களை வெட்டியபோது நீயே ஆப்பு மாதிரி செதுக்கி எடுத்து வந்தவை. அப்புறம்தான் தண்ணீருக்குள் இறங்குவாய்.

"பிரேக்கை நம்பக்கூடாதுக்கா. பழைய வண்டி. கட்டையைத்தான் நம்பணும்" என்பாய். அந்தக் கட்டைகளில் கயிறு கட்டி அதன் நுனியை வண்டியில் மாட்டியிருப்பாய். வேலை முடிந்து வண்டி மேலே ஏறினால் கட்டைகளும் நாய்க்குட்டி மாதிரி தடதடவென்று பின்னாலேயே வரும். யாரும் குனிந்து எடுக்க வேண்டியதில்லை. தனியாகச் செய்கிறவனுக்கு அதுதானே வசதி?

நீ போன அன்றைக்குப் புதுப் படகு. புது வண்டிக்குச் செய்கிற மாதிரி படகுக்கும் பூஜை போட வேண்டும் என்றது என் வீட்டுக்காரர்தான். பண்டாரத்தை அவரே கூட்டி வந்தார். நீ பிரேக் போட்டாய். கட்டை வைத்தாய். இடுப்பளவு தண்ணீரில் படகுக்குப் பின்னால் நின்று, அதை டிரெய்லரோடு கட்டிய வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். படகு மறைத்தது, மேலேயிருந்து உன் தலை கூடத் தெரியவில்லை. பண்டாரம் கண்ணை மூடி மந்திரம் சொன்னார். தனம் தள்ளி மரநிழலில் பிள்ளைக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தது நான் ஒருத்திதான்.

"எலுமிச்சம்பழம் எங்கடா? சக்கரத்துக்கு அடியில வைக்கலையா?" என்று அவர் பழத்தோடு போனார். "கட்டை இருந்தா பழம் எப்படி நசுங்கும்?"

"மச்சான், கட்டையைத் தொடாதீங்க! நான் வாரேன்!"

உன் கடைசிப் பேச்சு அதுதான். அவர் கேட்டார். கேட்டும் இந்தப் பக்கத்துக் கட்டையைப் பிடுங்கினார், அந்தப் பக்கமும் போய்ப் பிடுங்கினார். பழத்தை வைத்தார். வண்டி ஒரு முனகல் முனகியது.

பழம் நசுங்கியது, கோபாலு. வண்டியும் படகும் உன்னை அமுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போயின.

தண்ணீருக்குள் இருந்து நீ என்னைக் கூப்பிட்டாயா? முங்குவதற்கு முன்னால் ஒரு நொடி உன் முகம் தெரிந்தது, வாய் அசைந்த மாதிரி இருந்தது. அக்கா என்றாயா, புவனா என்றாயா?

அவர் என்ன செய்தார் தெரியுமா? பிறகு ஓடிவந்த ஆட்கள் உன்னை வெளியே இழுத்துப் போட்டு ஈரம் காயவில்லை, அதற்குள் "ஹேண்ட்பிரேக் போடாம இறங்கிட்டான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த வார்த்தைதான் நின்றது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் மகள் டிரெய்லரைக் கோடு போட்ட மாதிரி நேராக இறக்கினாள். நிறுத்தினாள். பிரேக்கை இழுத்தாள், விட்டு மறுபடி இழுத்தாள். இறங்கி வந்தாள். திரும்பிப் போய்க் கதவைத் திறந்து பிரேக்கைத் தொட்டுப் பார்த்தாள். கட்டை எடுப்பாள், இப்போது எடுப்பாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவள் நேராகத் தண்ணீருக்குள் நடக்கிறாள்! நீ நின்ற அதே இடத்துக்கு!

வண்டி முனகியது. எனக்குத் தெரிந்த முனகல் அது. ஒரு சாண் சறுக்கி நின்றது.

வாக்காவது ஒன்றாவது. "கட்டை! ஏய் புவனா, வெளிய வாடி! கட்டை வை!" என்று கத்தினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேனோ, கரையில் கிடந்த பாறாங்கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டேன். அந்தப் பக்கத்துக்கு இன்னொரு கல். அவள் தொடை வரை நனைந்தபடி ஓடிவந்தாள்.

"அலாமாக், என்ன அத்தை நீங்க! எதுக்குக் கல்லு? பிரேக் போட்டிருக்கேன்ல? நாலு தடவை பார்த்தேன்!"

"உங்கப்பனும் பிரேக் போட்டான்டி!"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன சொல்றீங்க?"

"போட்டான். கட்டையும் வச்சான். கட்டை இருந்தவரைக்கும் வண்டி நின்னுச்சு."

"அப்புறம் கட்டை எங்க போச்சு?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேராகப் பார்த்தேன். அவள் கண்ணும் என் கண் போன இடத்துக்குப் போனது.

"அத்தைக்கு வயசாயிடுச்சு லா" என்றார். "அவ பேச்சை எடுத்துக்காதே. சும்மா எதையாவது சொல்லுவா."

"மாமா, கட்டையை நீங்க எடுத்தீங்களா?"

"பூஜைன்னா பழம் நசுங்கணும்ல? சாமி காரியம்லா அது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உங்கப்பன் மட்டும் பிரேக்கை ஒழுங்கா..."

"போதும் மாமா."

உன் குரல் மாதிரியே இருந்தது. "வண்டிக்கிட்ட வராதீங்க. அந்த மரத்துக்குப் போங்க" என்று கையைக் காட்டினாள். அவர் போனார்.

கிளம்பலாம் வாடி, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. இரண்டு கல்லையும் காலால் உதைத்துப் பார்த்தாள், அசையவில்லை. படகின் மூக்கில் கட்டிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வாரை அவிழ்த்துத் தள்ளினாள். படகு மிதந்தது. கயிற்றால் இழுத்துக் கரை மரத்தில் கட்டிவிட்டு, வண்டியை மேலே ஏற்றி நிறுத்திவிட்டு வந்து, படகில் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள். என்னைப் பார்க்கவே இல்லை. கோரைக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துவிட்டாள்.

தம்பி, அந்த நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்? எஞ்சின் சத்தம் கேட்டது, தேய்ந்தது, நின்றுவிட்டது. அப்பனைப் பற்றி இப்படி ஒரு சேதியை நெஞ்சில் போட்டு ஆழத்துக்கு அனுப்பிவிட்டேனே, கண் இருட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வாள்? எனக்கு நீந்தத் தெரியாது. மரத்தடியில் இருக்கிறாரே, அவருக்கும் தெரியாது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் மட்டும் என்ன? மாரியம்மாவைக் கூப்பிட்டேன். உன்னையும் கூப்பிட்டேன். நீ அங்கேதானே இருக்கிறாய், கொஞ்சம் பார்த்துக்கொள்ளடா என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன். கேட்டதா?

வெயில் இறங்கும் சமயம் எஞ்சின் சத்தம் மறுபடி வந்தது. அழுது முடித்த முகத்தோடு வந்தாள். மீன் ஒன்றும் இல்லை.

இறக்குவதைவிட ஏற்றுவது கஷ்டம் என்பாயே, அது நிஜம். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளியது. டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கி, பிரேக் போட்டு, அவளே போய்க் கற்களை வைத்தாள். படகு மூக்கு டிரெய்லரில் ஏறாமல் நழுவிப் போனது. மறுபடி இழுத்தாள். மறுபடி நழுவியது. மரத்தடியில் இருந்து அவர் எழுந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். அடுப்பைப் பார்த்தும் பேசவில்லை, சுவரைப் பார்த்தும் பேசவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, "உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்.

மூன்றாம் முறை மூக்கு ஏறியது. கொக்கியை மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இழுத்தாள். படகு டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தது. வாரைக் கட்டி, வண்டியை மேலே கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் சேற்று வாடை.

"அப்பா மறக்கல, இல்ல அத்தை?"

"மறக்கலடி."

இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன்.

கோபாலு, இனி அவள் படகு இறக்கப் போகும் ஒவ்வொரு நாளும் நான் கூடப் போவேன். ரப்பர் மரத்தில் இரண்டு கட்டை செதுக்கச் சொல்லியிருக்கிறேன், தச்சர் அடுத்த வாரம் தருகிறார். அவள் தண்ணீரில் நிற்கும்வரை அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சாமியே வந்து கேட்டாலும் கட்டையைத் தொட விடமாட்டேன். இது உன் அக்கா வாக்கு.

பண்டாரம் செத்துப்போனார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தனம் அறியாதவள். உன்னைக் கிடத்திய கூடத்தில் என் வாயை அடைத்த பெரியவர்களைக்கூட, போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். கட்டையை எடுத்ததையே ஒருவேளை மன்னித்திருப்பேன். தெரியாமல் செய்தார், சாமி நினைப்பில் செய்தார் என்று. ஆனால் செத்தவன் மேல் பழியைப் போட்டு, அவன் மகளைத் தலைகுனிய வைத்து, அவளையும் அதே தண்ணீருக்குள் அனுப்பப் பார்த்த வாயை மன்னிக்க மாட்டேன். அந்த மனுஷர் பெயரைக் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து நான் சொன்னதில்லை. இன்றைக்கு இந்தப் பேப்பரில் ஊர் அறிய எழுதுகிறேன்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,
அஞ்சலை

மன்னிக்காதது: என் புருஷன் பெருமாளை.