அக்காவுக்கு வராதது

10.11, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வழக்கம்போல் குளம். திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் சீட். இன்றைய அதிர்ஷ்டம் அதோடு சரி.

பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு ஹார்மோன் பாடம். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால். மூளையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி. தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவை மாதிரி, "போதும்" என்று சொல்வது அதன் வேலை. சிலருக்கு அது மந்தம் என்றேன். அது யாருக்கு என்று எப்படித் தெரியும் மிஸ் என்றாள் ஒருத்தி. தெரியாது என்றேன். உன் மிஸ்ஸுக்கே இருக்கலாம் என்று சொல்லவா முடியும்?

வாங்க: சோப்பு, பால், மாத்திரை.

12.11, புதன்

மழை விட்டது. மாத்திரை எழுதித் தரும் டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். அம்மா போனது அக்காவுக்கும்தானே? அவள் காணை கிராமத்தில் நடவு, கரும்பு என்று நிற்கிறாள். எனக்கு ஏன் தலை வாரக்கூட முடியவில்லை?

ஒரே துக்கம் இரண்டு மூளையில் ஒரே மாதிரி இறங்காதாம். ஏற்பிகளும் ஒரு காரணமாக இருக்கலாமாம், ஆனால் டெஸ்ட் எடுத்துச் சொல்ல வழியில்லை. உங்க தப்பு இல்லை என்றார். அதற்குத்தான் அழுதேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ராத்திரிக்குத் தயிர் சாதம். மறுபடியும்.

14.11, வெள்ளி

அக்கா வந்தாள், பை நிறைய மல்லாட்டையோடு, புதுசாகப் பிடுங்கிய வேர்க்கடலை. சந்தோஷம், மாத்திரை அவள் கண்ணில் படும்வரை. பைத்தியத்துக்குக் கொடுப்பதா என்றாள். நான் ஒரு மக்கு, ஏற்பி பாடத்தை முழுசாக நடத்தினேன்.

"நானும் அதே வயித்துல பொறந்தவதானேடி? எனக்கு வராதது உனக்கு மட்டும் எங்கருந்து வருது? சும்மா படுத்துக்கினு இருக்கறதுக்கு ஒரு பேரு வெச்சிக்கினியா?"

அப்புறம் தீர்ப்பு: ஞாயிறு திருவாமாத்தூர் கோயில். அங்கே வட்டப்பாறையில் கை வைத்துப் பொய் சொன்னவர் தப்பியதில்லை என்பார்கள் எங்கள் பக்கத்தில். வரப்புத் தகராறு, நகைத் திருட்டு எல்லாம் அங்கே தீரும். இப்போது என் மூளை!

கோபம். அதைவிடப் பயம். இவளும் நம்பாவிட்டால் எனக்கு யார்?

15.11, சனி

துணி ஊறுகிறது, துவைக்கவில்லை. கீழ்வீட்டில் யாரோ பெரிதாகச் சிரிக்கிறார்கள். ஒருவேளை சோம்பல்தானோ? நோவு என்று சத்தியம் பண்ண எனக்கே தைரியமில்லை.

16.11, ஞாயிறு

நல்ல வெயில். கோயிலில் கூட்டமில்லை. பாறையில் கை வைத்தேன். ஏற்பி, கார்டிசால் எதுவும் வாயில் வரவில்லை. நடிக்கவில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அக்கா நம்பவில்லை. தள்ளு என்று என்னை நகர்த்திவிட்டுத் தானும் கை வைத்தாள், எனக்குப் புத்தி வர.

"எனக்கும்தான் அம்மா செத்தா. நான் நல்லாத்தான்..."

நின்றுவிட்டாள். முடிக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. பின்னால் யாரோ காத்திருந்தார்கள்.

"சொல்லாதக்கா," என்றேன். "கைய எடுத்துடு."