எழுத்துக்குப் பின்னால் உன் முகம்

என் ராசா தினேசு,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. பழக்கம் போகவில்லை. நீ இருக்கிற இடத்தில் டயாலிசிஸ் கிடையாது, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியதில்லை, அந்த மட்டும் எனக்கு நிம்மதி. இங்கே அதே கம்பெனி, அதே பஸ். கேட்டில் இன்னும் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். உன் பைக்கை மாமா ஓட்டுகிறார். செயின் கத்துகிறது, எண்ணெய் விட மாட்டேன் என்கிறார். நீ இருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

எல்லாரும் படிக்கிற இடத்தில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் உண்டு. இசக்கியும் படிக்கட்டும். எனக்கு அவன் மேல் பொறாமை. மூடி மறைக்க என்ன இருக்கிறது? அவன் நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு வயிறு எரியும். அப்புறம் அவனுக்குத்தான் முதலில் சோறு போடுவேன், அது வேறு.

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இசக்கிமுத்து உன்னோடு ஒரகடத்தில் ஒரே லைனில் வேலை பார்த்தவன், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ரெண்டு பேரும் சேர்ந்து ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைப்பது, அந்த இடம் எங்கே என்பதை ஓர் இணையதளத்தில் போடுவது. ஒவ்வொரு டப்பாவுக்கும் அங்கே ஒரு பக்கம். படித்துவிட்டு யார் யாரோ தேடி வருவார்கள். டப்பாவுக்குள் இருக்கும் சீட்டில் பெயர் எழுதுவார்கள், இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள், பக்கத்தில் போய் நாலு வரி எழுதுவார்கள். உன் டப்பா நம் ஏரிக்கரையில் இருக்கிறது. என் ஊறுகாய் டப்பா அது. கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாய்.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் இட்லியைப் பிட்டு உனக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். நீ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அவனிடம் சொல்கிறாய்.

"டேய் இசக்கி, டப்பா பக்கத்த உன் பேருக்கு மாத்தி வுட்டுட்டேன். பாத்துக்கோ."

எனக்கு என்னடா வைத்திருக்கிறாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். நீயும் சிரித்தாய்.

"உனுக்கு இன்னாத்துக்குக்கா அதெல்லாம்? ஏரிக்கரை வெயில்ல நடந்தா உனுக்குத் தலவலி வந்துரும்."

வரும்தான். அதற்காக என்னைக் கேட்காமல் இருப்பாயா?

நீ போய், காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் லேப்டாப்போடு வந்தான். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். திறந்தான். எழுத்துக்குப் பின்னால் வெளிறிப்போன மாதிரி நம் ஏரி. எங்கே தேடினாலும் நீ இல்லை.

"இன்னாடா இது, ஏரி மட்டும் கீது? என் தம்பி எங்க?"

"இது பின்னணிப் படம்க்கா. நான் எடுத்தது. எழுத்துக்குப் பின்னால லேசாத்தான் இருக்கணும். தினேசு சொல்லுவாம்லா? எழுத்து நல்லாத் தெரியணும், படம் கனமா இருந்தா சிக்னல் இல்லாத எடத்துல நிக்கிறவன் தெறக்க முடியாது, அடுத்தவன் படத்தக் கேக்காம எடுத்துப் போடக் கூடாது, டப்பா ஒளிஞ்சிருக்க எடத்தப் படத்துல காட்டிரக் கூடாதுன்னு."

இத்தனையும் அவனிடம் சொன்னாயா? என்னிடம் பேசியதெல்லாம் "இன்னாக்கா கொழம்பு" மட்டும்தானே. கீழே வந்தவர்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினான். பின்னணி அழகு, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று எவனோ பாராட்டியிருக்கிறான். உன் பக்கத்தில் அவனுக்குப் பாராட்டு. என் மனம் எப்படி இருந்திருக்கும், நீயே சொல்.

நம் ஊர் முனையில் உனக்குக் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை நீ பார்க்கவில்லை. நீலக் கோட்டு போட்டு நிற்கிறாய். நீ எந்தக் காலத்தில் கோட்டு போட்டாய்? ஃப்ளெக்ஸ் கடைக்காரர் உன் தலையை மட்டும் எடுத்து யாருடைய கோட்டிலோ செருகிவிட்டார். ஒரு பக்கம் குத்துவிளக்கு, மேலே ரெண்டு புறா, ஓரத்தில் வரிசையாக நம் குடும்பம். எனக்கு அது ராஜா மாதிரி இருந்தது. கடைக்காரர் அனுப்பிய அந்தப் படம் என் போனில் இருந்தது. அதைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

"அத வச்சா எழுத்தே தெரியாதுக்கா."

"எழுத்து தெரியலன்னா போவட்டும். என் தம்பி தெரியணும். நீ போடுறியா, இல்லியா?"

அவனால் என்னிடம் மல்லுக்கு நிற்க முடியுமா? போட்டுவிட்டான்.

அப்புறம்தான் தெரிந்தது, பின்னணிப் படம் அங்கே ஒரு தடவை வந்து நிற்காதாம். பக்கம் நிறைகிற வரைக்கும் திரும்பத் திரும்ப வருமாம். ஸ்டூடியோவில் வெட்டாமல் கொடுத்த ஸ்டாம்ப் சைஸ் தாள் மாதிரி, மேலிருந்து கீழே வரைக்கும் நீ, நீ, நீ. நூறு புறா. ஏரிக்கரைக்கு எப்படி வருவது என்று நீயே எழுதி வைத்த வரிகளெல்லாம் உன் மீசைக்குள் போய்விட்டன. எனக்கு வயிறு நிறைந்தது. ஏரியும் இல்லை, அவன் படமும் இல்லை, எல்லா இடத்திலும் என் தம்பி.

அடுத்த வாரமே ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போனில் வந்தார்.

"இன்னாமா, எவன் எவனோ எனுக்கு போன் பண்றான்! ஒருத்தன் இங்கிலீசு, ஒருத்தன் இந்தி. டப்பா எங்க கீதுன்னு என்னைக் கேக்குறானுங்க. இன்னா டப்பாமா அது?"

ஃப்ளெக்ஸின் அடியில் அவர் கடைப் பெயரும் நம்பரும் இருந்ததை யார் கவனித்தது? நீ எழுதியதைப் படிக்க முடியாதவர்கள், தெளிவாகத் தெரிந்த அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நெட்டுல போடுறதுக்கு முன்ன என்னை ஒரு வார்த்த கேட்டியா?" என்றார்.

"என் தம்பி மூஞ்சிக்கு உன்னைக் கேக்கணுமா?"

"மூஞ்சி உன் தம்பிதுதாம்மா. கோட்டு என்துல்ல?"

நீ கேட்டிருந்தால் கட்டிலை விட்டு விழுந்து சிரித்திருப்பாய்.

வேறொன்று வந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. இணையதளத்துப் பக்கங்களைச் சரிபார்க்கிறவர் இசக்கிக்கு எழுதியிருந்தார். பக்கத்தில் கடை விளம்பரம் இருக்கக் கூடாது, படிக்கவும் முடியவில்லை, சரிசெய்யாவிட்டால் மூடிவிடுவோம் என்று. மூடிவிட்டால் யாரும் வர மாட்டார்கள். உன் டப்பா வெறும் ஊறுகாய் டப்பா ஆகிவிடும். இசக்கி கெஞ்சினான்.

"படத்த எடுத்துருவோம்க்கா. அவன் டப்பா போயிரும்க்கா."

"மூடுனா மூடட்டும்" என்றேன். அவ்வளவு வீம்பு. படத்தை எடுத்தால் அவனுடைய ஏரி திரும்பி வந்துவிடுமே. அதை நினைத்தாலே எனக்கு ஆகவில்லை. டப்பாவைப் பார்க்கப் போனேன், தலைவலித்தாலும் பரவாயில்லை என்று. சீட்டில் புதிதாக ஒரு பெயரும் இல்லை.

என்னை மாற்றியது யார் தெரியுமா? தண்டலம் பக்கம் காலேஜில் படிக்கிற ஒரு பெண். உன் பக்கத்தில் எழுதியிருந்தாள். டப்பாவைத் தேடி வரவில்லையாம், வழி புரியவில்லையாம். ஆனால் அண்ணா முகம் ரொம்ப அழகு, படத்தை என் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன் என்று. நல்ல மனசோடுதான் எழுதியிருப்பாள், பாவம். இசக்கி வாசித்து முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எடுத்து வெச்சிகினாளா? யாரு இவ?"

"யாருன்னாலும் எடுக்கலாம்க்கா. எந்த ஊர்ல இருந்தும் எடுக்கலாம். அங்க போட்டா அப்படித்தான்."

இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். பவுடர் போட்டுவிட்டவள் நான். கடைசியாக அந்தக் கண்களை மூடியவளும் நான்தான். அந்த முகம் முன்பின் தெரியாதவர்கள் போனில் எல்லாம் கிடக்குமா? இசக்கியாவது உன்னோடு ஒரு தட்டில் சாப்பிட்டவன். இவர்கள் யார்?

"எடுத்துரு. இப்பவே எடுத்துரு" என்றேன். எடுத்துவிட்டான். ஏரிப் படத்தைத் திரும்பப் போடட்டுமா என்று கேட்டான். அதுவும் கூடாது, நான் எடுக்கிறேன் என்றேன்.

ஷிப்ட் முடிந்து வந்த கையோடு ஏரிக்கரைக்குப் போய் எடுத்தேன். இசக்கி பார்த்தான், தலையில் கை வைத்தான்.

"ஏக்கா, டப்பா இருக்க பனையே நடுவுல நிக்கி!"

மறுபடி போனேன். இந்தத் தடவை தண்ணீரும் வானமும் மட்டும். கம்பெனி கேட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கரின் பசை லென்ஸில் ஒட்டியிருந்ததை நான் துடைக்கவில்லை. படம் பூராவும் பனி மூட்டம் மாதிரி வந்திருந்தது. கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். அவனோ, எழுத்துக்குப் பின்னால் வைக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது என்றான். அளவைக் குறைத்து, ஓரத்தில் ஒட்டுத் தெரியாதபடி சரிசெய்துவிட்டு, கையைப் பட்டனுக்கு மேலே வைத்துக்கொண்டே கேட்டான்.

"உங்க படம்லா? போட்டுக்கிடட்டுமாக்கா?"

உன் விஷயத்தில் என்னிடம் அனுமதி கேட்ட முதல் ஆள் அவன்தான், தினேசு. நீகூடக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் சரி என்றேன்.

ஆட்கள் வருகிறார்கள். மறைமலை நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்துவிட்டுப் போனது. வழி தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்று எழுதினார்கள். நீ எழுதியதுதானே, ஒரு எழுத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை. படத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இசக்கி மேல் பொறாமை போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. போகவும் போகாது. நேற்றுகூட உன்னோடு சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்ற கதை ஒன்றைச் சொன்னான். நான் கேட்டதே இல்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை நீ? இன்னும் எத்தனை கதை அவனிடம் இருக்கிறது?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். உன் எழுத்தை யார் வந்தாலும் படிக்கிற மாதிரி வைத்திருப்பேன். டப்பாவில் சீட்டு தீர்ந்தால் நானே கொண்டுபோய் வைப்பேன், தலைவலித்தால் வலிக்கட்டும். ஏரியை ஊர் உலகம் எல்லாம் பார்த்துக்கொள்ளட்டும். உன் முகத்தை மட்டும் இனி ஒருத்தருக்கும் தர மாட்டேன்.

இசக்கிக்கு ரொம்ப முன்னாலேயே உன்னைத் தூக்கிக்கொண்டவள்,
உன் அக்கா
மல்லிகா