படகின் பழைய வெள்ளை

12.2.1996, திங்கள்

சீவலப்பேரி மீன் குத்தகைக்காரரின் பைபர் படகு இன்று முடிந்தது. பாறையில் இடித்து உடைந்த இடத்தை அடைப்பது சுலபம். மேலே பூசும் ‘ஜெல்கோட்’ என்ற நிறப்பூச்சைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் பாடு. வெயில் தின்ற வெள்ளைக்குப் பக்கத்தில் என் புது வெள்ளை பல்செட் மாதிரி இளித்தது. மஞ்சள் சேர்த்தேன், படகுக்குக் காமாலை வந்துவிட்டது.

இத்தனை வருடமும் நிறம் பார்த்தவள் என் மனைவி சிவகாமி. நான் கலக்குவேன். அவள் அடுப்படியிலிருந்து வந்து, "மஞ்சள் கூடிட்டு" என்பாள். ஈரத்தில் பார்க்கவே மாட்டாள், காய்ந்த பிறகுதான். கார்த்திகையில் அவள் கண்ணை மூடிய பின் இதுதான் முதல் படகு. நானும் அவளைப் போலவே ஒவ்வொரு துளியையும் தடவி, காயும்வரை காத்திருந்தேன். கடைசியில் பொருந்தியது.

குத்தகைக்காரர் கையால் தடவிப் பார்த்தார். "ஒட்டுன இடமே தெரியலையே, அண்ணாச்சி."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டைப் பார்த்து, "ஏட்டி சிவகாமி, இங்கன வந்து பாரு" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் செல்விதான் ஈரக்கையோடு வெளியே வந்தாள். படகைச் சுற்றி வந்து, அம்மாவைப் போலவே தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் மஞ்சள் கூடிட்டுப்பா."

கூடவில்லை. அது அவளுக்கும் தெரியும். நான் பெரிதாகச் சிரித்தேன். பிறகு படகின் மறுபக்கம் போய், குத்தகைக்காரர் கிளம்பும்வரை, உடையாத இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.