சுருளாத வால்கள்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

சௌக்கியமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

டாக்டர் கேட்ட விந்துப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எண்ணிக்கை போன வருஷம் போலவே சரியாம். ஆனால் ஒன்றுகூட நீந்தவில்லை. நீர்த்த கரைசல் ஒன்றில் விட்டால் உயிருள்ளதற்கு வால் சுருளுமாம். எதுவும் சுருளவில்லை. இத்தனைக்கும் லேப் திறக்கும்வரை கெட்டுவிடக் கூடாதென்று டப்பாவை ஃபிரிட்ஜில், பாலுக்குப் பின்னால், பத்திரமாக வைத்திருந்தேன்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "கொறை எனக்குத்தாம்மா. புள்ள இல்லன்னு இனிமே அவள ஒரு வார்த்த சொல்லாத." அம்மா சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை. நீ உன் அம்மா வீட்டிலேயே இரு. வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 8

என் வீட்டுக்காரருக்கு,

வேறு வாழ்க்கையாம்! ஆளைப் பாருங்கள்! முதலில் அழுதேன். ஃபிரிட்ஜ் வரியை மறுபடி படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்களே, காதில் விழவில்லையா? குளிரில் செத்துக் கிடப்பது எங்கே நீந்தும்? இட்லி மாவு என்று நினைத்தீர்களா? ஒழுங்காக மறுபடி கொடுங்கள்.

ஆனால் அத்தையிடம் பேசினீர்களே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு எடுத்த டெஸ்ட் எல்லாம் சரியென்று வந்து நாலு வருஷமாகிறது. அப்போதெல்லாம் நீங்கள் வாயே திறக்கவில்லை.

வாயாடி

மார்ச் 19

வாயாடிக்கு,

சட்டைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். "நெஞ்சு வலியா தம்பி?" என்று ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார்.

எல்லாம் சரியாம். நீந்துகின்றன, வால் சுருள்கிறது, முட்டையைத் துளைக்கும் தெம்பும் இருக்கிறதாம். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தால் பழி மறுபடி உன் தலையில்தானே விழும்? ரிப்போர்ட்டை ஆபீஸ் மேஜையில் வைத்துப் பூட்டிவிட்டேன். குறை எனக்கென்றே இருக்கட்டும். நீ கிளம்பி வா.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 23

உங்களுக்கு,

நல்ல மனசுதான், ஆனால் எனக்கு இது வேண்டாம். குறை உங்களுக்கு என்றதும் எனக்காகப் பேசினீர்கள். உங்களுக்கு இல்லையென்றால் பேச மாட்டீர்களா? அத்தையிடம் காட்டுங்கள். காட்டிவிட்டு என் பக்கம் நில்லுங்கள். அதுவரை நான் வர மாட்டேன்.

வாயாடி

மார்ச் 29

அன்புள்ள வாயாடிக்கு,

காட்டினேன். "நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் அவளாலதான்" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அவளுக்கும் எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. புள்ள பொறந்தாலும் பொறக்காட்டியும் எனக்கு அவதான். இனி அவளப் பத்திப் பேசினா நான் தனி வீடு பாத்துப் போயிடுவேன்" என்றேன்.

அம்மா ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "இத நாலு வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா நான் வாய மூடியிருப்பேனேடா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஸ்டேஷனில் நிற்பேன், நீ வந்தாலும் வராவிட்டாலும்.

உன் வீட்டுக்காரன்