எலி தின்ற ஓரம்

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் தாய்மாமன் மிகுந்த கோபத்துடன் எழுதிக்கொள்வது. இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். உன் கல்யாணத்தன்றே, போட்டோவுக்கு என் பக்கத்தில் நின்றவரிடம், இந்தப் பெண் ஒருநாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் உட்காருவாள் பாருங்கள் என்று சொன்னேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. இருந்தால் சாட்சி சொல்வார். எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவன் நான். கூட்டிப் பார், இருபத்துநாலு வரும். காலேஜ்காரனுக்கே அவ்வளவு வராது.

என்ன பெரிய அநியாயம் நடந்துவிட்டது? கிறிஸ்துமஸுக்கு ஊருக்கெல்லாம் ஆர்டர் எடுத்து கேக் போட்டாய். மேலே புடைத்ததையும் சுற்றிக் கருகினதையும் கத்தியால் சீவிச் சமன் செய்தாய். சீவினதை ஒரு நீல டப்பாவில் போட்டு மூடி வைத்தாய். சீவினது என்றால் என்ன? கழிவு. தச்சர் இழைத்த சுருளை அடுப்பில் போடுவார், அதற்காகப் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போவதில்லை.

உங்கள் கூத்து எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஊரே கேக் தின்று முடித்து ஓய்ந்த பிறகு, எதிரெதிரே நாற்காலி போட்டு, ஒரே சுடுதண்ணீர்த் தொட்டியில் நாலு காலையும் விட்டுக்கொண்டு, மடியில் அந்த டப்பா. மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் வேலையில் தொங்கிவிட்டு கிரீஸ் கையோடு வந்து, "ஓரம் சாப்பிடலாமா" என்பார். நீ "கையைக் கழுவிட்டு வாங்க, கேக்குக்கு எண்ணெய் போட வேண்டியதில்லை" என்பாய். உங்களோடு வந்து தங்கின போன வருஷமே ஹால் சோபாவில் படுத்தபடி எல்லாம் கேட்டேன். இதுக்கா சிரிக்கிறார்கள் என்று போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். அது உங்களுக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா? கண்டவனுக்கு எப்படித் தெரியும்?

சரி, டப்பா காலி. எலி தின்றுவிட்டது. பெரிய எலி, பூனைக்குட்டி அளவு இருக்கும், மீசை மட்டும் என் சுண்டுவிரல் நீளம். நானே பார்த்தேன். நீ என்ன ஏது என்று விசாரித்தாயா? நேரே மாப்பிள்ளையிடம் போய், "ஊருக்கெல்லாம் போட்டுக் குடுத்து எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். நான் உக்காருற வரைக்கும் உங்களால பொறுக்க முடியலையா" என்று கேட்டாய். அந்த மனுஷன், "பசிச்சுது, தின்னுட்டேன்" என்றார். உடனே நீ பையை எடுத்தாய். இது ஓரவஞ்சனை இல்லாமல் வேறென்ன?

நீ போன பிறகு அவரிடம் சண்டைக்கே போனேன். எலி தின்றதற்கு நீங்கள் ஏன் பழியை ஏற்கிறீர்கள், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "எலின்னு சொன்னா விரட்டிடுவா மாமா. அது எங்க போகும், பாவம்" என்றார். அதற்கு மேல் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எலிக்காகப் பெண்டாட்டியை விட்டுக்கொடுக்கிற புருஷன் எந்த ஊரில் இருக்கிறான்?

பண்டிகைக்கு முன்னால் முந்திரி டப்பாவும் இதே மாதிரி பாதியானபோது நீ அடுப்படி வாசலில் நின்று, "இன்னொரு தடவை என் சாமான்ல கை பட்டுது, பெட்டியத் தூக்கி வாசல்ல வெச்சிடுவேன்" என்று சத்தம் போட்டாய். எலிக்கு ஏது பெட்டி? நீ யாரைப் பார்த்துச் சொன்னாய் என்று நான் கவனிக்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மாப்பிள்ளை பாதி ஆளாகிவிட்டார். கண்ணாடி முன் நின்றால் பின்னால் இருக்கும் சுவர் தெரிகிறது. டீ போட்டால் இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு, ஒன்றை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு நீட்டினார். அது உன் டம்ளர், வேண்டாம் என்றேன். நேற்று தொட்டியில் தண்ணீர் ஊற்றி, தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கால் இரண்டையும் ஒரு ஓரமாக ஒடுக்கி வைத்திருந்தார், இன்னும் ஆள் வரவேண்டியிருக்கிற மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாலை விட்டே போய்விட்டேன்.

பெரியவளும் உன்னைத் தாங்குவதை நிறுத்தட்டும். அவள் வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் ஒரே தொட்டியில் கால் வைக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டுப் பார். டிவி ரிமோட்டையே ஒருவருக்கொருவர் கொடுக்க மாட்டார்கள். உனக்குக் கிடைத்ததை நீ விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதுதான் என் கோபம்.

நேற்று உன் அடுப்பில் நானே ஒரு கேக் போட்டேன். பிரமாதம், கடைக்காரன் தோற்றான். நடுவில் மட்டும் கொஞ்சம் குழி, சுற்றிலும் கருப்பு. சீவினேன். எல்லாமே ஓரமாகத்தான் வந்தது. நீல டப்பாவில் நிரப்பி, மூடிக்கு மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்திருக்கிறேன். வந்து நீயே திற.

நீங்கள் இரண்டு பேரும் நரைத்துப் போகும் வரை அந்தத் தொட்டியில் தண்ணீர் ஆறாமல் இருக்கட்டும் அம்மா. திட்டினதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: என் பெட்டியை நானே கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். வரும்போது தடுக்கி விழாதே. உள்ளே எடுத்து வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், அவரைக் கேட்காதே. எலி தின்றால் மூடியைத் திரும்ப மூடிவிட்டுப் போகாது. நம் வீட்டில் எலி கிடையாது.